"அந்தக் காலத்துல எல்லாரும் நல்லாத்தானே இருந்தாங்க?" - ஒரு இங்கிலாந்து கிராமத்துக் கதை

போன புதன்கிழமை, தடுப்பூசி நாள். ஆறு வாரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு இளம் தாய் உட்கார்ந்திருந்தார். துணைக்கு வந்திருந்தவர் குழந்தையின் கொள்ளுப்பாட்டி.

"எங்க காலத்துல இந்த ஊசியெல்லாம் ஏது தம்பி? நாங்கள்லாம் நல்லாத்தானே இருந்தோம்?"

"பாட்டி, உங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?"

"எங்கம்மா ஒம்பது பெத்தா. தங்குனது அஞ்சு."

சாதாரணமாத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த "தங்குனது" என்ற வார்த்தை அன்று முழுக்க காதிலேயே நின்றது. நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படியா? வெள்ளைக்காரன் ஊர்ல அந்தக் காலத்துல எப்படி இருந்தது? அதைத்தான் இந்தப் பதிவில் பேசப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் குளோஸ்டர்ஷயர் என்று ஒரு மாவட்டம். அதில் ஸ்ட்ரவுட் என்ற ஊருக்குப் பக்கத்தில், பள்ளத்தாக்குச் சரிவில் ஸ்லாட் என்று ஒரு குட்டிக் கிராமம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு வண்டி நிறைய சாமான்களோடு அங்கே குடிவந்தது ஒரு குடும்பம். அதில் மூன்று வயதுப் பையன் ஒருவன். வண்டியிலிருந்து இறக்கி விட்டதும் புல் அவன் தலைக்கு மேல் நிற்கிறது. பயந்துபோய் அழுகிறான். அக்காமார்கள் ஓடிவந்து தூக்குகிறார்கள்.

அந்தப் பையன் பெயர் லாரி லீ. 1914ல் பிறந்தவர். பிற்காலத்தில் பெரிய எழுத்தாளர் ஆனார். தன் கிராமத்துப் பால்யத்தை "சைடர் வித் ரோஸி" என்று 1959ல் புத்தகமாக எழுதினார். இங்கிலாந்தில் பள்ளிக்கூடப் பாடமாகவே வைத்துப் படிக்கப்பட்ட புத்தகம் அது.

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கும். மின்சாரம் இல்லாத வீடு. விளக்கு, மெழுகுவர்த்தி, அணையாத அடுப்பு. அப்பா போருக்குப் போனவர், குடும்பத்தோடு வாழத் திரும்பி வரவே இல்லை. அம்மா ஆனி, தான் பெற்ற பிள்ளைகளையும் கணவரின் முதல் தாரத்துப் பிள்ளைகளையும் ஒன்றாகவே வளர்க்கிறார். நம்ம ஊர் கூட்டுக் குடும்பம் மாதிரியே கூச்சலும் கும்மாளமும்.

முதல் நாள் பள்ளிக்கூடம் போகிறான் லாரி. "இப்போதைக்கு இங்கே உட்கார்" என்கிறார் டீச்சர். ஆங்கிலத்தில் அந்த "இப்போதைக்கு" என்பதில் "பிரசன்ட்" என்ற சொல் வரும். பையனுக்குத் தெரிந்த பிரசன்ட் பரிசு மட்டும்தான்! நாள் முழுக்கப் பரிசுக்காகக் காத்திருந்துவிட்டு, "தரவே இல்லை, இனிமேல் போகமாட்டேன்" என்று வீட்டில் வந்து அழுகிறான்.

இதெல்லாம் படிக்கும்போது, ஆஹா.. அதுதான்யா வாழ்க்கை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் ஒரு டாக்டராகப் படிக்கும்போது வேறொன்றும் கண்ணில் படும்.

அதே புத்தகத்தில், தான் சீக்காளிப் பிள்ளையாக இருந்ததைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார் லாரி. அவருக்கு இரண்டு முறை ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. ஏன் இரண்டு? முதல் முறை, குழந்தை பிழைக்காது என்று நினைத்து அவசர அவசரமாகப் பாதிரியாரை வரவழைத்துச் செய்தது. சின்ன வயதிலேயே அவரைத் தாக்கிய நோய்களின் பட்டியலைப் பாருங்கள்: தொண்டை அடைப்பான் எனும் டிப்தீரியா, கக்குவான் இருமல், நிமோனியா.

கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். இந்த மூன்றில் முதல் இரண்டும் இன்றைக்கு ஆறாவது வாரத்தில் நாங்கள் போடும் ஊசிக்குள் இருக்கின்றன. மூன்றாவதில் பெரும்பகுதிக்கு இன்று தடுப்பூசியும் உண்டு, மருந்தும் உண்டு. அன்று பென்சிலின் கிடையாது. ஃப்ளெமிங் அதைக் கண்டறிந்தது 1928ல். நோயாளிகளுக்குக் கிடைக்க ஆரம்பித்தது 1940களில்.

காசு விஷயமும் இருக்கிறது. 1911ல் இங்கிலாந்தில் தேசிய காப்பீட்டுச் சட்டம் வந்தது. சந்தா கட்டும் தொழிலாளிக்கு டாக்டர் இலவசம். அவர் மனைவிக்கும் பிள்ளைக்கும்? கிடையாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரைக் கூப்பிடுவதா, அந்தக் காசுக்கு ரொட்டி வாங்குவதா என்று ஏழைத் தாய் கணக்குப் போட வேண்டிய காலம்.

லாரி பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருக்கு ஒரு அக்கா இருந்தாள். ஃப்ரான்சஸ். ஆனி பெற்ற ஒரே பெண் குழந்தை. நான்கு வயது. சீக்காளித் தம்பியின் தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து அவனோடு பேசிக்கொண்டே இருப்பாளாம். வீட்டில் எல்லோர் கவலையும் தொட்டிலில் கிடப்பவன் மேல். அவளுக்கும் உடம்பு சரியில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் அறை மூலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்து போனாள். நடந்திருக்கவே வேண்டாத சாவு என்றும், அவள் உயிரைத்தான் தனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள் என்று நம்புவதாகவும் லாரி எழுதுகிறார்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததே இதுதான். அழகான பால்ய நினைவுகளை எழுதுகிறவர்கள் எல்லோரும் பிழைத்தவர்கள். ஃப்ரான்சஸ் எந்தப் புத்தகமும் எழுதவில்லை.

சரி, இதே குளோஸ்டர்ஷயரில் இன்னொரு கிராமத்துப் பையனையும் பார்த்துவிடுவோம். லாரியின் காலத்துக்குச் சுமார் 160 வருடம் முன்னால்.

ஊர் பெயர் பெர்க்லி. பையன் 1749ல் பிறந்தவன். ஐந்து வயதில் அப்பா, அம்மா இருவருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தவர்கள் வளர்த்தார்கள். காடு மேடெல்லாம் சுற்றி எலிக்கூடு, புதைபடிவம் என்று பொறுக்கிச் சேர்ப்பதுதான் அவன் பொழுதுபோக்கு.

அப்போது பெரியம்மை ஊர் ஊராகக் குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம். வந்தவர்களில் நான்கைந்து பேருக்கு ஒருவர் இறப்பார். இதற்குத் தடுப்பாக அப்போது இருந்தது "அம்மை குத்துதல்". அதாவது, பெரியம்மைக் கொப்புளத்தின் சீழையே எடுத்து நல்ல பிள்ளையின் தோலில் கீறி ஏற்றுவது. பெரும்பாலும் லேசான அம்மை வந்து, பிழைத்தால் வாழ்நாள் பாதுகாப்பு. நூறு பேரில் ஓரிருவர் இதிலேயே இறப்பதும் உண்டு.

எட்டு வயதில் அந்தப் பையனுக்கு இதைச் செய்தார்கள். குத்துவதற்கு முன் "தயார் செய்கிறோம்" என்று வாரக்கணக்கில் அரைப்பட்டினி. ரத்தம் எடுத்தார்கள். பேதி மருந்து கொடுத்தார்கள். எலும்பும் தோலுமாக ஆனதும் அம்மையைக் குத்தி, அதே நிலையில் இருந்த மற்ற பிள்ளைகளோடு ஒரு குதிரைக் கொட்டடியில் அடைத்துப் போட்டார்கள். பெரியவனான பிறகும் அவனால் அந்தக் கொட்டடியை மறக்க முடியவில்லை.

அந்தப் பையன்தான் எட்வர்ட் ஜென்னர்.

டாக்டர் ஆகி சொந்த ஊருக்கே திரும்பினார். பால் கறப்பவர்களுக்கு மாட்டம்மை வந்துவிட்டால் பெரியம்மை வராது என்பது அந்தப் பக்கத்துக் கிராமத்து ஜனங்களுக்கு முன்பே தெரிந்த சங்கதி. டார்செட் பகுதியில் பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி 1774லேயே தன் மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் மாட்டம்மையைக் குத்தியிருந்தார். அதற்கு ஊராரிடம் திட்டும் வாங்கினார். ஜென்னர் செய்தது, அந்த நாட்டு அனுபவத்தைச் சோதித்து, பதிவு செய்து, உலகத்துக்குச் சொன்னது.

1796 மே 14. சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையில் இருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்து ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற தோட்டக்காரர் மகனுக்குப் போட்டார். அவனுக்கு வயது எட்டு! கொட்டடியில் அடைபட்டபோது ஜென்னருக்கு இருந்த அதே வயது. ஜூலையில் பெரியம்மைச் சீழையே அவனுக்குக் குத்திப் பார்த்தார்கள். நோய் வரவில்லை. இன்று இப்படி ஒரு ஆய்வுக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது, தரவும் கூடாது. பின்னாளில் ஜேம்ஸுக்கு வாடகையில்லாமல் வாழ ஒரு வீடு கொடுத்தார் ஜென்னர். 1823ல் ஜென்னர் இறந்தபோது இறுதி ஊர்வலத்தில் ஜேம்ஸும் வந்தார்.

கதை இத்தோடு சுபம் என்று நினைக்கிறீர்களா? இல்லை.

சரியாக நூறு வருடம் கழித்து, 1896. ஜென்னரின் அதே மாவட்டத்தின் தலைநகர் குளோஸ்டர். தடுப்பூசி எதிர்ப்பு இயக்கம் வலுவாக இருந்த ஊர். அவர்கள் பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அன்றைய தடுப்பூசி முறையில் வேறு தொற்றுகள் வரும் ஆபத்து உண்மையிலேயே உண்டு. ஆனால் பெரியம்மையை அருகில் பார்க்காத தலைமுறைக்கு அந்த நோயின் பயம் மறந்து, ஊசியின் பயம் மட்டும் மிச்சம் இருந்தது. ஏராளமான குழந்தைகளுக்கு ஊசி போடவில்லை. பெரியம்மை உள்ளே வந்தது. சுமார் 2000 பேருக்கு நோய், 400க்கும் மேற்பட்டோர் மரணம். அதில் ஏகப்பட்ட பேர் குழந்தைகள். அதன் பிறகுதான் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஊசிக்கு ஓடிவந்தார்கள்.

லாரியின் ஊருக்கு என்ன ஆனது? 1940ல் பிரிட்டனில் 61,000க்கும் மேற்பட்டோருக்கு டிப்தீரியா, 3,283 மரணங்கள். 1940களில்தான் தேசிய அளவில் டிப்தீரியா தடுப்பூசி தொடங்கியது. 1948 ஜூலை 5ல் எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் என்.ஹெச்.எஸ். பிறந்தது. 1957ல் பிரிட்டன் முழுவதும் டிப்தீரியா எத்தனை பேருக்கு? 38 பேருக்கு. இறந்தவர்கள் 6 பேர்.

லாரி எழுதிய பள்ளத்தாக்கு பொய் இல்லை. அந்தக் காற்று, நடை, அக்கம்பக்கத்து உறவு எல்லாம் உண்மை. அதையெல்லாம் நாம் இழந்திருக்கிறோம், வருத்தப்படலாம், முடிந்ததை மீட்கவும் செய்யலாம். ஆனால் அந்த ஏக்கத்துக்காகத் தடுப்பூசியை விடாதீர்கள்.

இனி பாட்டியிடம் வருவோம். "அந்த நாலு பேரு எதுல போனாங்க பாட்டி?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? ஒண்ணு இருமி இருமியே போச்சு. ஒண்ணுக்கு தொண்டை அடைச்சுக்கிச்சுன்னு எங்கம்மா சொல்லும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேத்தியைப் பார்த்து, "காலை நல்லாப் பிடிச்சுக்கோடி, ஆட்டிடப் போறான்" என்றார்.

ஊசி போட்டோம். பையன் ஊரே கேட்கிற மாதிரி அழுதான். ராத்திரி காய்ச்சல் வரலாம், பயப்படாதீங்க, எடைக்கு ஏத்த பாராசிட்டமால் சொட்டு மருந்து கொடுங்க, அடுத்த ஊசி நாலு வாரம் கழிச்சு என்று சொல்லி அனுப்பினேன்.

உங்கள் வீட்டிலும் பாட்டி, தாத்தா இருந்தால் இன்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பிறந்தது எத்தனை, தங்கியது எத்தனை என்று. பிறகு உங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்து, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தாலும் பரவாயில்லை, வாங்க. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான்.