குழந்தை ஆதரவுத் திட்டம்

குழந்தை ஆதரவுத் திட்டம் என்பது, வறிய நாடொன்றில் வாழும் குறிப்பிட்ட ஒரு குழந்தையின் கல்விக்கும் நலனுக்கும் ஒருவர் தொண்டு நிறுவனம் வழியாக மாதந்தோறும் பணம் வழங்கும் முறையாகும். ஆதரவாளரும் குழந்தையும் கடிதம், ஒளிப்படம் மூலம் தொடர்பு கொள்வர்.

வரலாறு

எசுப்பானிய உள்நாட்டுப் போரின்போது 1937 இல் பிளான் அமைப்பு தோன்றியது. கொரியப் போர்க் காலத்தில் வேர்ல்டு விசன் (1950), கம்பாசன் இன்டர்நேசனல் (1952) ஆகியன உருவாயின. போரில் பெற்றோரை இழந்த குழந்தைகளைப் பேணத் தொடங்கிய இம்முறை, பின்னர் பள்ளிக் கல்விக்கும் விரிந்தது.

பயனும் விமர்சனமும்

இந்தியா உட்பட ஆறு நாடுகளில் கம்பாசன் திட்டத்தை ஆராய்ந்து புரூசு வைடிக் முதலிய பொருளியலாளர்கள் 2013 இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஆதரவு பெற்றோர் ஏறத்தாழ 1 முதல் 1.5 ஆண்டுகள் வரை கூடுதலாகக் கல்வி பயின்றனர். எனினும் ஒரு குழந்தை தேர்வாகி அண்டை வீட்டுக் குழந்தை விடுபடுவதும், வறுமை காட்சிப்பொருளாவதும் விமர்சிக்கப்படுகின்றன.

இந்தியாவில்

வெளிநாட்டு நன்கொடையை வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம், 2010 கட்டுப்படுத்துகிறது. நடுவண் அரசின் முன் அனுமதியின்றிப் பணம் அனுப்ப இயலாத நிலையில், கம்பாசன் 2017 மார்ச்சில் இந்தியப் பணியை நிறுத்தியது. அப்போது ஏறத்தாழ 1,45,000 குழந்தைகள் ஆதரவை இழந்தனர்.

சேர்வராயன் மலையில்

சேலம் மாவட்டம் ஏற்காட்டில், 1917 இல் நிறுவப்பட்ட மான்ட்போர்ட் பள்ளி போன்ற கட்டண உறைவிடப் பள்ளிகளில் வெளியூர் மாணவர் பலர் பயில்கின்றனர். மலையாளி எனப்படும் உள்ளூர்ப் பழங்குடியினரின் குழந்தைகளுக்குத் தமிழ்நாடு அரசு பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளை நடத்துகிறது. இவற்றில் கல்வி, உணவு, தங்குமிடம் ஆகியவற்றின் செலவை அரசே ஏற்கிறது. எனவே இங்கு ஒரு குழந்தையின் படிப்பு தனியொரு ஆதரவாளரைச் சார்ந்திருப்பதில்லை.