தொழிற்பயிற்சி நிலையம்

எட்டாம் அல்லது பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஒரு தொழிலை ஓராண்டிலோ ஈராண்டிலோ கற்றுத்தரும் பயிற்சிக்கூடம். அரசு நடத்துவதும் உண்டு, தனியார் நடத்துவதும் உண்டு. ஊரில் இப்பெயரைச் சொல்லி வழி கேட்டால் சற்று யோசிப்பார்கள், ஐ.டி.ஐ. என்றால் உடனே கைகாட்டுவார்கள். பொருத்துநர், கடைசலர் என்று சேர்க்கை அறிவிப்பில் அச்சாகும் பெயர்களும் அப்படித்தான்: பட்டறைக்குள் ஃபிட்டர், டர்னர் மட்டுமே.

இரண்டாம் உலகப் போர் முடிந்து படையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தேடித்தர இந்திய அரசு 1945இல் ஓர் இயக்ககம் தொடங்கியது. பிரிவினையில் ஊரிழந்து வந்தவர்களும் பின்னர் அதன் பொறுப்பாயினர். இந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியாக 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் பிறந்தது. 1956இல் நிலையங்களின் நிர்வாகம் மாநிலங்களிடம் சென்றது.

ஃபிட்டர் பிரிவுக்கு ஈராண்டு, வெல்டருக்கு ஓராண்டு. ஃபிட்டர் மாணவரின் தொடக்க நாள்கள் அரத்தோடு கழியும். வைஸில் கவ்விய இரும்புத் துண்டை அராவி, மூலைமட்டத்தை வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, மறுபடி அராவ வேண்டும். உள்ளங்கை கொப்புளித்துக் காய்த்த பிறகுதான் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இரு துண்டுகளைச் செய்யும் 'ஜாப்' கைக்கு வரும். மதிப்பெண் குறைந்தவர்கள் போகும் இடம் என்று இதைப் பேசுவோர் அந்த ஜாப்பை ஒருமுறை செய்து பார்க்கலாம். தமிழ்நாட்டில் 71 அரசு நிலையங்களில் டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து ரோபோவும் கணினி வழிக் கடைசல் இயந்திரமும் கொண்ட கூடங்கள் 2023 முதல் வந்துள்ளன. அரத்துக்கு இன்னும் ஓய்வில்லை.

பத்தாம் வகுப்பு முடித்து ஈராண்டுப் பிரிவில் தேர்ச்சி பெற்றவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பலருக்கு இது தெரிவதில்லை. பெரும்பாலோர் நாடுவது அப்ரண்டிஸ் எனப்படும் தொழில் பழகுநர் பயிற்சியை. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் திருச்சி பெல் நிறுவனமும் இப்பயிற்சிக்கு ஆளெடுக்கும் இடங்களில் முக்கியமானவை. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்லர். மாத உதவித்தொகை உண்டு. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தாக வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. சான்றிதழோடு வெளியே வந்து, அதே ஆலைக்குள் ஒப்பந்தத் தொழிலாளியாக மறுபடி நுழைவோரும் உண்டு.