மூன்று தீ, ஒரே கீற்று

1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் தீப்பற்றி நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேய்ந்திருந்த கீற்றுப் பந்தல் எரிந்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதே ஆண்டு ஜூலை 16, வெள்ளிக்கிழமை காலை, கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரு பள்ளியின் மாடிக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். மூன்றும் காவிரிப் பகுதி ஊர்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அதிகம் போனால் மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம்தான். ஆனால் இவற்றைக் கோயில் விபத்து, மண்டப விபத்து, பள்ளி விபத்து என்று தனித்தனியாகவே ஏட்டில் எழுதிவைத்தோம். கட்டடம் யாருக்குச் சொந்தம், எந்தத் துறைக்குக் கட்டுப்பட்டது என்ற கணக்கு அது. எரிந்தது என்ன பொருள், அதன் கீழ் எத்தனை பேர் இருந்தார்கள், வெளியேற எத்தனை வழி இருந்தது என்று பார்த்திருந்தால் மூன்றும் ஒரே வகையில் வந்திருக்கும். அப்படி வகைப்படுத்தும் பொதுவான கணக்கு நம்மிடம் இல்லாததுதான் ஸ்ரீரங்கத்தின் பாடம் கும்பகோணத்துக்குப் போய்ச் சேராததற்குக் காரணம் என்பது என் வாதம்.

கீற்றைக் குறை சொல்லித் தொடங்குவது நியாயமாகாது. டெல்டாவில் தென்னை இருக்கும் இடமெல்லாம் கீற்றும் இருந்தது. மட்டையை நடுவில் பிளந்து, குளத்தில் ஊறப்போட்டு, முடைந்து, மூங்கில் வரிச்சில் அடுக்கடுக்காகக் கட்டுவார்கள். செலவு குறைவு, வெயில் உள்ளே இறங்காது, ஆண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒருமுறை மாற்றினால் போதும். திண்ணைப் பள்ளிக்கூடம் நடந்த காலத்தில் பையன்கள் தெருவை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். கூரை பற்றினால் எழுந்து தெருவில் குதிக்க வேண்டியதுதான். ஆபத்து எப்போது சேர்ந்தது என்றால், அதே கூரை மாடிக்கு ஏறியபோது. கூரை பழைய கூரை. அதன் கீழே இருந்தது மட்டும் கான்கிரீட் தளம், கம்பி போட்ட சன்னல், ஒற்றைப் படிக்கட்டு. அதுவும் மழைக்கு முன் வேய்வதற்காகக் காத்திருக்கும் ஆடி மாதத்துக் கீற்று, ஆண்டிலேயே மிகவும் காய்ந்த கீற்று. இதைச் சட்டம் அறியாமல் இல்லை. சென்னை மாகாண மாவட்ட நகராட்சிகள் சட்டம் 1920இலேயே, புல், ஓலை, பாய் போன்ற எளிதில் தீப்பற்றும் பொருளால் நகராட்சி எல்லைக்குள் கூரையோ பந்தலோ போட அனுமதி பெற வேண்டும் என்று சொல்லியிருந்தது. கும்பகோணம் 1866 முதல் நகராட்சி. ஆக, விதி எண்பதாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தது.

பிறகு ஏன் அது கண்ணில் படவில்லை? காசிராமன் தெருக் கட்டடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதில் இயங்கியது ஒரு பள்ளி அல்ல, மூன்று: அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி, நர்சரி மற்றும் தொடக்கப் பள்ளி, பெண்கள் உயர்நிலைப் பள்ளி. அங்கீகாரக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் தனி. கல்வித் துறை பார்த்தது ஆசிரியர்-மாணவர் விகிதத்தை. கட்டட உறுதிச் சான்று கொடுக்கும் பொறியாளர் பார்ப்பது சுவரும் தளமும் தாங்குமா என்பதை. 1965ஆம் ஆண்டுப் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டப்படி உரிமம் தாசில்தாரிடம். சமையற்கூடமோ இன்னொரு உலகம், 1982இல் எம்.ஜி.ஆர். அரசு விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டத்தால் பள்ளிக்குள் வந்த அடுப்பு அது, அதற்கு அமைப்பாளர் வேறு, மேலதிகாரி வேறு. அந்த அடுப்பிலிருந்து எழுந்த தீதான் சமையற்கூடத்துக் கீற்றில் ஏறி மாடிக் கீற்றுக்குத் தாவியது. அடுப்பும் கூரையும் படிக்கட்டும் ஒரே தாளில் சேர்ந்து இடம்பெறும் படிவம் எந்த அலுவலகத்திலும் இல்லை. மூன்று பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டி, இத்தனை பேருக்கு இந்தப் படி போதுமா என்று வகுத்துப் பார்க்க வேண்டிய வேலை யாருடைய மேசையிலும் இல்லை.

அந்தக் கணக்கு நாட்டில் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. 1970இல் வெளியான தேசியக் கட்டட விதித்தொகுப்பு கட்டடங்களைப் பயன்பாட்டை வைத்து வகை பிரிக்கிறது. பள்ளி, கல்லூரி எல்லாம் ஒரே பிரிவில், கூட்டம் கூடும் மண்டபங்கள் இன்னொரு பிரிவில். இத்தனை சதுர மீட்டருக்கு ஓர் ஆள், இத்தனை ஆளுக்கு இத்தனை அகல வழி, எந்த மூலையிலிருந்தும் வெளியேறும் வழிக்கு அதிகபட்சம் இவ்வளவு தூரம் என்று அது பேசும். 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் பள்ளிப் படிக்கட்டின் குறைந்தபட்ச அகலம் ஒன்றரை மீட்டர். எந்தத் துறைக்காரரும் அளவு நாடாவை வைத்து ஒரே விடை சொல்லக்கூடிய பேச்சு இது. ஆனால் அந்தத் தொகுப்பு பரிந்துரைதான். மாநிலமோ உள்ளாட்சியோ தன் விதியாக ஏற்றால்தான் கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டிலோ அப்போது நகராட்சிக்கு ஒரு கட்டட விதி, ஊராட்சிக்கு ஒரு விதி. தெரு முனையில் எல்லை மாறினால் சட்டமும் மாறியது.

இதெல்லாம் சுற்றி வளைப்பது, லஞ்சமும் அலட்சியமும்தான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் பலம் இருக்கிறது. கும்பகோணம் தீயை நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. 2014 ஜூலையில் தஞ்சை நீதிமன்றம் பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனையும், பொறியாளர், கல்வித் துறை ஊழியர்கள் உட்படப் பிறருக்குச் சிறையும் விதித்தது. ஆனால் 21 பேரில் 11 பேர் அப்போதே விடுதலை. 2017இல் உயர் நீதிமன்றம் நிறுவனரின் தண்டனையைக் குறைத்தது, மேலும் சிலரை விடுவித்தது. பெற்றோருக்கு இது இன்னும் ஆறாத புண். ஆனால் பொறுப்பு இத்தனை கூறாகச் சிதறிக் கிடக்கும்போது எந்த ஒருவர் மீதும் முழுக் குற்றத்தை நிறுவுவது கடினம் என்பதையும் இதே வழக்கு காட்டுகிறது. லஞ்சம் இல்லாமலேயும் இது நடக்கும். சிகாகோவில் 1958 டிசம்பர் 1 அன்று ஒரு கத்தோலிக்கப் பள்ளி எரிந்து 92 பிள்ளைகளும் மூன்று கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். அந்தக் கட்டடம் சில வாரங்களுக்கு முன்புதான் ஆய்வில் தேறியிருந்தது. பழைய கட்டடங்களைப் புதிய விதி கட்டுப்படுத்தாது என்பதால் சட்டப்படி அதில் குறையே இல்லை.

கும்பகோணத்துக்குப் பிறகு அரசு பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்றச் சொன்னது. வேகமாக நடந்த வேலை அது ஒன்றுதான். குறைந்தபட்ச இடவசதிக்குச் சிட்டிபாபு குழுவின் பரிந்துரை இருந்தது. தனியார் பள்ளிகள் எத்தனை கிரவுண்ட் என்பதில் ஆண்டுக்கணக்கில் இழுபறி நடத்தின. நிலம் அளக்கப்பட்டது, படிக்கட்டு பின்னுக்குப் போனது. 2009 ஏப்ரலில் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வி உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியும் அடங்கும் என்று சொல்லி, தேசியக் கட்டட விதித்தொகுப்பைப் பள்ளிகள் பின்பற்ற வேண்டும் என்றது. அந்த வழக்குக்கே தூண்டுதல் கும்பகோணம். அதே ஆண்டில் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையோ எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற கட்டடம், கழிப்பறை, சமையற்கூடம், சுற்றுச்சுவர் என்று பட்டியலிட்டுவிட்டு, வெளியேறும் வழியைப் பற்றிப் பேசவில்லை. ஊருக்கு ஒன்றாகக் கிடந்த கட்டட விதிகள் மாநிலம் முழுமைக்கும் ஒன்றாகச் சேர்ந்தது 2019இல்தான்.

ஒரே அளவுகோல் என்றால் சிறிய பள்ளிகள்தான் முதலில் மூடப்படும், வேதாரண்யத்துக் கடலோரத்துக்கும் சென்னைக்கும் ஒரே விதி பொருந்துமா என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கீற்றை எடுத்த இடத்தில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் ஏறின. சித்திரை வெயிலில் அதன் கீழ் உட்காரும் பிள்ளையைக் கேட்டால் தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயலில் நாகை, தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் தகடுகள் பறந்தன. உப்புக் காற்றில் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கும், மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் களிமண்ணில் அடித்தளம் அசையும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபோது அங்கே கீற்றே இல்லை. ஆகவே நான் கேட்பது ஒரே பொருளை அல்ல, ஒரே கேள்விகளை. நான்கு பக்கமும் திறந்த தரைத்தளக் கீற்றுக் கொட்டகையில் முப்பது பிள்ளைகள் உட்கார்ந்தால் அதற்கான விடை வேறு. மாடியில் இருநூறு பேர் என்றால் விடை வேறு. முதலாவதை மூடச் சொல்ல வேண்டியதில்லை, இரண்டாவதை ஒரு நாள்கூட அனுமதிக்கவும் முடியாது. 2019 விதிகள் புதிதாகக் கட்டுபவருக்கு இதைக் கேட்கின்றன. டெல்டாவின் பெரும்பாலான பள்ளிகள் அதற்கு முன்பே கட்டியவை. அவற்றின் உறுதிச் சான்றைப் புதுப்பிக்கும்போது அடுப்பு எங்கே, படி எவ்வளவு அகலம், மாடியில் எத்தனை பேர் என்ற மூன்று கட்டங்களையும் அதே தாளில் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.