விலையாவணம் இல்லாத விற்பனை

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டை விலைபேசுதல் எளிதன்று. கடல்கடந்து, சிறப்பாகப் பர்மாவில், ஈட்டிய பொருளால் நகரத்தார் எழுப்பிய பெருவீடுகள் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிவன. மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் வளவையொட்டி ஓர் அறை உண்டு. வீடோ அனைவர்க்கும் பொது. 1942இல் பர்மா சப்பானியர் வசமானபின் வருவாய் அற்றது; பங்காளிகள் ஊர்ஊராய்ச் சிதறினர். சில தலைமுறைகள் கழிந்தபின் கிரயப் பத்திரத்தில் எத்தனை கையொப்பங்கள் வேண்டும்! ஒருவர் இசையாவிடினும் முழுவீடு கைமாறாது.

சோழர் காலத்தில் மனை விற்றவர்கள் நான்கெல்லையும் கூறி விலையாவணம் எழுதிக் கொடுத்தனர். 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் நூறு ரூபாய்க்குக் குறையாத அசையாச் சொத்தின் விற்பனைக்குப் பதிவுப் பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் வீட்டில் நிற்கும் தேக்குத்தூண்தான் அசையாச் சொத்து. பெயர்த்துவிட்டால் அது அசையும் பொருள். அதற்குப் பத்திரம் வேண்டா. தூண்களை எண்ணிப் பங்கிடலாம். வளவை எவ்வாறு பங்கிடுவது? ஆகவே வீடுகள் பல தூணாகவும் நிலையாகவும் கதவாகவும் விலைபோயின. முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் அவற்றால் நிறைந்தன (கசலட்சுமி செதுக்கிய நிலைக்கு மதிப்பு மிகுதி, அதன்வழி நுழைந்து வந்த குடும்பத்தின் பெயரை யாரும் கேட்பதில்லை). செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெசுகோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அதற்குள் பல தெருக்களில் எஞ்சியது நான்கெல்லை மட்டுமே.