இலங்கையின் பஸ் போக்குவரத்தும் பிரதேசத் திட்டமிடலும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் பஸ் போக்குவரத்து வரலாறு பெரும்பாலும் உடைமையின் வரலாறாகவே நோக்கப்பட்டு வந்துள்ளது. தனியார் கம்பனிகள், தேசியமயமாக்கல், மீண்டும் தனியார், மீண்டும் சபை என்ற வரிசையில் அதனை விளக்குதல் எளிது. ஆயினும், பஸ் எவருக்குச் சொந்தம் என்ற வினாவோடு, அது எவ்வழியே எந்நேரத்தில் ஓடவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினாவும் இணைந்தே எழுகின்றது. முதலாவது வினாவுக்கு அரசுகள் பல்வேறு விடைகளைக் கண்டன. பயணியின் வாழ்வை நேரடியாகத் தொடும் இரண்டாவது வினாவோ போதிய கவனத்தைப் பெறவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முனைகின்றது.

கம்பனிகளின் காலம்

ஆரம்பத்தில் பஸ் சேவை சிறு உரிமையாளர்களின் கையில் இருந்தது. ஒரே வீதியில் பலர் வண்டி ஓட்டியமையால் பயணிகளைப் பிடிப்பதில் கடும் போட்டி நிலவியது. 1942 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பஸ் சேவை அனுமதிப்பத்திரக் கட்டளைச் சட்டம், வழித்தடங்களில் தனியுரிமை வழங்கும் முறையை ஏற்படுத்தியது. சிறு உரிமையாளர் பலர் ஒன்றிணைந்து வரையறுத்த பொறுப்புக் கம்பனிகளாயினர். இதனால் வீதிப் போட்டி தணிந்தது. ஆனால் அதனிடத்தை ஏகபோகம் பிடித்துக்கொண்டது. பஸ் முதலாளிமார் அரசியற் செல்வாக்கும் பெற்றனர். தென்மேற்குப் பஸ் கம்பனியை நடத்திய சேர் சிறில் டி சொய்சா செனற் சபைத் தலைவராகவும் விளங்கியமை இதற்குத் தக்க சான்றாகும். கம்பனிச் சேவையின் குறைபாடுகள் 1948 இல் இரத்தினம், 1954 இல் சன்சோனி, 1956 இல் ஜயரத்ன பெரேரா ஆகியோரின் பெயரால் அறியப்படும் ஆய்வுகளுக்குப் பொருளாயின.

சபையின் காலம்

1956 இல் பதவியேற்ற எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசு பஸ் சேவையைத் தேசியமயமாக்கியது. மைத்திரிபால சேனாநாயக்கா போக்குவரத்து அமைச்சராயிருந்த வேளையில், 1957 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், 1958 சனவரி 1 ஆந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது.

நாட்டின் பஸ் சேவை முழுவதும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தமையால் ஒரு முக்கிய வாய்ப்பு உண்டாயிற்று. கூட்டம் மிகுந்த நகர வீதிகளில் கிடைக்கும் வருவாயைக் கொண்டு, வருவாய் குன்றிய கிராம வழித்தடங்களின் நட்டத்தை ஈடுசெய்ய முடிந்தது. இதன் சமூகப் பயனை இலவசக் கல்வியோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். 1945 இலிருந்து கல்வி இலவசமாயிற்று. ஆயினும், தொலைவிலுள்ள கல்லூரிக்குப் போய்வர வழியில்லாத கிராமத்துப் பிள்ளைக்கு அவ்வுரிமை பெயரளவிலேயே நின்றிருக்கும். குறைந்த கட்டணத்தில் வழங்கப்பட்ட மாணவர் பருவச்சீட்டு அவ்விடைவெளியை ஓரளவு நிரப்பியது.

சபையின் குறைகளும் மறைப்பதற்குரியனவல்ல. தேவைக்கு மேற்பட்ட ஆளணி, நியமனங்களில் அரசியற் தலையீடு, 1970 களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் நேர்ந்த உதிரிப்பாகத் தட்டுப்பாடு என்பன சேவையை நலிவுறச் செய்தன. வழித்தடங்களையும் நேர அட்டவணைகளையும் வகுப்பதிலும் கொழும்பின் கையே ஓங்கியிருந்தது.

பிரிப்பும் போட்டியும்

1978 இல் எம். எச். மொஹமட் போக்குவரத்து அமைச்சராயிருந்த காலத்தில் சபை ஒரு மத்திய சபையாகவும் ஒன்பது பிரதேச சபைகளாகவும் பிரிக்கப்பட்டது. பிரதேசத்தின் தேவையைப் பிரதேசமே அறிந்து சேவையை வகுக்க இஃது இடமளித்திருக்கலாம். எனினும், 1979 இல் தனியாரும் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். ஒரு வண்டியை மாத்திரம் உடைய உரிமையாளரே அவர்களுட் பெரும்பான்மையோர். அன்றைய வசூலே அன்றைய வருமானம் என்ற நிலையில், தரிப்பிடத்தில் பயணிகளுக்காகக் காத்துக் கிடத்தலும் பின்னர் முந்திச் செல்ல விரைதலும் வழக்கமாயின. 1942 இன் சட்டம் தணிக்க முயன்ற போட்டி இவ்வாறு மீண்டும் வீதிக்கு வந்தது. பருவச்சீட்டு மாணவரையும் இலாபமற்ற வழித்தடங்களையும் சுமக்கும் பொறுப்பு அரச பஸ்களிடமே எஞ்சியது. நல்ல வழித்தடங்களின் வருவாய் பங்கு போடப்பட்டபின், நட்டத்தை ஈடுசெய்யும் பழைய முறை ஆட்டங்கண்டது.

1990 களின் தொடக்கத்தில் சாலைகள் தனித்தனிக் கம்பனிகளாக மாற்றப்பட்டு, ஊழியர்க்கும் பங்குகள் வழங்கப்பட்டன. இம்மாற்றம் ‘மக்கள்மயப்படுத்தல்’ எனப்பட்டது. 1997 இல் அவை பிரதேசக் கம்பனிகளாகத் தொகுக்கப்பட்டன. 2005 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் அவற்றை ஒன்றுசேர்த்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை மீண்டும் நிறுவியது.

பல கைகளில் ஒரு வீதி

இதற்கிடையில், 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் மாகாணத்துக்குள் நடைபெறும் வீதிப் பயணிகள் சேவையை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாகாண சபைகளுக்கு வழங்கியது. மாகாணங்களுக்கு இடையிலான தனியார் சேவை, 1991 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் பொறுப்பில் உள்ளது. இ.போ.ச. மத்திய அரசுக்கும், புகையிரதம் தனித் திணைக்களத்துக்கும் உரியன. ஆகவே, ஒரே நகரத்து நிலையங்களில் வந்து சேரும் வண்டிகள் நான்கு அதிகார பீடங்களுக்குக் கட்டுப்பட்டவை. தனியாருக்கும் இ.போ.ச.வுக்குமான கூட்டு நேர அட்டவணை பல இடங்களில் நீண்ட பிணக்குக்குக் காரணமாவது இதனாலேயாம்.

வட பகுதியின் அனுபவம் இதனை மேலும் தெளிவாக்கும். 1990 இல் வடபகுதிப் புகையிரத சேவை யுத்தத்தால் நின்றது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டும் வந்து சேர்ந்தது. இருபத்துநான்கு ஆண்டுகள் வீதியையே நம்பியிருந்த பிரதேசத்துக்குத் தண்டவாளத்தை மீள இடுதல் பணியின் ஒரு பாதி மாத்திரமே. நிலையத்தில் இறங்குபவரை வடமராட்சிக்கோ தீவகத்துக்கோ இட்டுச் செல்லும் பஸ் அந்நேரத்துக்கு அங்கே நிற்பதே மற்றப் பாதி. அதனைப் புகையிரதத் திணைக்களமோ சபையோ மாகாணமோ தனித்து நிறைவேற்ற இயலாது.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, 1942 இலிருந்து நிகழ்ந்த சீர்திருத்தங்களுட் பெரும்பாலானவை வண்டியின் உடைமையையும் நிறுவனத்தின் அமைப்பையும் பற்றியனவாகவே அமைந்தமை புலனாகும். தனியார் போட்டி, ஏகபோகம், அரச உடைமை, ஊழியர் பங்கு என எல்லா வடிவங்களும் பரீட்சிக்கப்பட்டுவிட்டன. பஸ்ஸையும் புகையிரதத்தையும் ஒரே அட்டவணையில் இணைத்து, நட்டமுறும் வழித்தடத்துக்கான செலவை எவர் ஏற்பர் என்பதை முன்கூட்டியே வரையறுத்து, பயணிகளுக்குப் பதில் கூறக் கடமைப்பட்ட பிரதேசத் திட்டமிடல் அமைப்பொன்றே இன்னும் முறையாகப் பரீட்சிக்கப்படாதது. மாலை வகுப்பு முடிந்து கிராமத்துக்குத் திரும்பும் மாணவிக்குக் கடைசி பஸ் எந்நிறுவனத்தின் நிறத்தில் வருகின்றது என்பது பொருட்டன்று. அது வருமா என்பதே அவளுடைய வினா. போக்குவரத்துக் கொள்கையை வகுப்போர் அவ்வினாவிலிருந்தே தம் பணியைத் தொடங்குதல் வேண்டும்.