இருளில் ஒரு புள்ளி: அகச்சிவப்புக் குறி லேசரும் அதைத் தாங்கிய ரெயிலும்

ரைஃபிளில் பொருத்தப்படும் அகச்சிவப்புக் குறி லேசர், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையை வீசுகிறது. இரவுப்பார்வைக் கருவி அணிந்தவருக்கு மட்டும் அது இலக்கின்மேல் ஒளிப்புள்ளியாகத் தெரியும். அமெரிக்கப் படையின் இரவுச் சண்டை முறையையே மாற்றிய இச்சிறு கருவியின் மதிப்பு, அதற்கு வெளியே இருந்த இரண்டைச் சார்ந்தே நின்றது என்பது இக்கட்டுரையின் வாதம். எதிரியிடம் இரவுப்பார்வை இல்லாமை ஒன்று; லேசரை அசையாமல் தாங்கும் பொருத்து மற்றொன்று. முதலாவது காலப்போக்கில் மறைந்துவருகிறது. இரண்டாவதன் வரலாறு போதிய கவனம் பெறவில்லை.

புலப்படாத ஒளியைப் பாய்ச்சிக் குறிபார்க்கும் எண்ணம் லேசருக்கு மூத்தது. 1934இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் கில்லெஸ் ஹோல்ஸ்ட் குழுவினர், அகச்சிவப்புப் பிம்பத்தைக் கண்ணால் காணத்தக்க பிம்பமாக மாற்றும் குழாயை உருவாக்கினர். பத்தே ஆண்டுகளில் அது போர்க்களத்துக்கு வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜெர்மானியர் ஸ்டுர்ம்கெவேர் 44 துப்பாக்கியில் ‘வாம்பீர்’ என்ற கருவியைப் பொருத்தினர். 1945இல் ஒகினாவாவில் அமெரிக்கர் கார்பைன் துப்பாக்கிமேல் ‘ஸ்னைப்பர்ஸ்கோப்’ வைத்துச் சண்டையிட்டனர். இரண்டிலும் வடிகட்டி மூடிய விளக்கு ஒன்று அகச்சிவப்பைப் பாய்ச்சும். மின்கலத்தை வீரர் தனியே சுமக்க வேண்டும். பார்வை எட்டிய தூரம் நூறு மீட்டருக்கு உட்பட்டதே. எடையும் தூரமும் திருத்தக்கூடிய குறைகள். அதே வகைக் கருவி எதிரியிடம் இருந்தால் விளக்குப் பிடித்தவர் நிற்கும் இடம் தெரிந்துவிடும் என்பதுதான் தீராத குறை.

அக்குறையைத் தீர்க்கவே 1960களில் அமெரிக்கா விளக்கில்லாத வழியை நாடியது. வியட்நாம் போரில் பயன்பட்ட பி.வி.எஸ்-2 என்ற ‘ஸ்டார்லைட் ஸ்கோப்’, நட்சத்திர ஒளியையும் நிலவொளியையும் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டியது. மூன்றடுக்குக் குழாயைக் கொண்ட அது கிட்டத்தட்ட மூன்று கிலோ எடை. ஆனால் இலக்கை நோக்கி எந்த ஒளியையும் வீசவில்லை. அதோடு விளக்குக் காலம் முடிந்தது என்று எண்ணியிருந்தால் அது இயல்பே.

ஆனால் ஒளிபெருக்கிக் குழாய் சிறுத்ததும் பழைய சிக்கல் வேறு உருவில் திரும்பியது. அதைச் சிறுக்கவைத்த நுண்துளைத் தகடு வந்தபின் குழாய் துப்பாக்கியை விட்டு வீரரின் முகத்துக்கு ஏறியது. 1970களில் பரவிய பி.வி.எஸ்-5 கண்ணாடியை அணிந்தவர் இருளில் நடக்கலாம், வண்டி ஓட்டலாம். குறிபார்ப்பது மட்டும் கடினம். கண்ணுக்கு முன்னே துருத்தி நிற்கும் குழாய்கள், கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதியவிடா. தொலைவுக்குக் குவித்து வைத்த ஆடியில் அருகிலுள்ள குறிமுள் மங்கலாகவே தெரியும். துப்பாக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவர முடியாதென்றால், குறியையே இலக்கின்மேல் கொண்டுபோய் வைக்க வேண்டும். குறி லேசரின் தேவை இங்கேதான் பிறந்தது.

அதற்கான பொருள் முன்னரே தயாராக இருந்தது. 1962இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ராபர்ட் ஹால், கேலியம் ஆர்செனைடு குறைகடத்தியிலிருந்து முதல் லேசர் ஒளியைப் பெற்றார். அது திரவ நைட்ரஜன் குளிரில் மட்டுமே இயங்கியது. 1970இல் லெனின்கிராடில் அல்ஃபியோரோவ் குழுவும், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹயாஷியும் பானிஷும் அறை வெப்பநிலையில் தொடர்ந்து ஒளிரும் லேசரை எட்டினர். இவ்வகை லேசர் உமிழும் 830 நானோமீட்டர் அளவிலான ஒளி கண்ணுக்குத் தெரியாது. மூன்றாம் தலைமுறை ஒளிபெருக்கிக் குழாயில் ஒளியை உணரும் ஒளிமுகமோ அதற்கு நன்றாகவே எதிர்வினை காட்டும். ஏனெனில் அதுவும் கேலியம் ஆர்செனைடால் ஆனது. ஒளியை உமிழ்வதும் உணர்வதும் ஒரே பொருளின் குடும்பம் என்பதை இவ்வரலாற்றின் மிக அழகிய பொருத்தமாகக் கருதுகிறேன்.

இந்த லேசரைக் கொண்டு அமெரிக்கப் படைக்கு வந்த குறிக்கருவிகளில் பி.ஏ.க்யூ-4 குறியை மட்டும் காட்டியது. அடுத்து வந்த பி.இ.க்யூ-2, குறிக்கு ஒரு கற்றையும் இடத்தை வெளிச்சமாக்க ஒரு கற்றையும் கொண்டது. பி.இ.க்யூ-15 கண்ணுக்குத் தெரியும் சிவப்பு லேசரையும் சேர்த்து, சுமார் 210 கிராமில் அடங்கியது. இங்கு பாதுகாப்பைச் சொல்லாமல் விடமுடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒளி இமையை மூடவைக்காது. ஆகவே அதே திறனுள்ள சிவப்புக் கற்றையைவிட இது ஆபத்தானது. பி.இ.க்யூ-15இன் உயர்நிலை சுமார் 25 மில்லிவாட். பயிற்சியில் அந்நிலைக்குத் திருப்ப முடியாதபடி ஒரு நீலத் திருகாணி தடுக்கிறது. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கும் வகை 1 மில்லிவாட்டுக்கும் குறைவானது.

இனிப் பொருத்துக்கு வருவோம். எம்16ஏ2 துப்பாக்கியின் முன்கைப்பிடி, வில்விசை வளையம் ஒன்று பிடித்து வைத்திருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பாதிகள். அதன்மேல் எதைக் கட்டினாலும் சற்றே ஆடும். 1995 பிப்ரவரியில் நியூஜெர்சியின் பிக்காட்டினி ஆயுதசாலை வழியாக வந்த எம்.ஐ.எல்-எஸ்.டி.டி-1913 என்ற தரவரையறை, பொருத்து ரெயிலில் 5.23 மில்லிமீட்டர் அகலப் பள்ளங்களை 10.01 மில்லிமீட்டர் இடைவெளியில் நிலைப்படுத்தியது. கழற்றிய கருவியை அதே பள்ளத்தில் மீண்டும் பூட்டினால் குறி ஏறத்தாழ அதே இடத்துக்கு வரும் என்ற உறுதி அதனால்தான் கிடைத்தது. நைட்ஸ் ஆர்மமென்ட் நிறுவனத்தின் நாற்புற ரெயில் முன்கைப்பிடி எம்4 துப்பாக்கியில் ஏறியபின், லேசருக்கு மேற்புற முன்பகுதி நிலையான இடமாயிற்று. அங்கே பிடிக்கும் கை கற்றையை மறைக்காது. குழலிலோ ஒலியடக்கியிலோ பட்டுத் திரும்பும் வெளிச்சமும் குறையும்.

புதிய சிக்கலும் அங்கேயே எழுந்தது. குழலைத் தொடாத நீண்ட முன்கைப்பிடிகள் துல்லியத்தைக் கூட்டின. ஆனால் லேசர் இருப்பது குழலில் அல்ல, கைப்பிடியில். வார் இழுத்தாலோ, கட்டைமேல் ஊன்றினாலோ கைப்பிடி நுணுக்கமாக வளையும். குண்டு போகும் திசை மாறாமலே ஒளிப்புள்ளி நகரும். இண்டியானாவின் கிரேன் கடற்படை மையம் அமெரிக்கச் சிறப்புப் படைகளுக்காக நடத்தி 2017இல் வெளியான சோதனை, பிடிப்பைப் பொறுத்துக் குறி எவ்வளவு விலகும் என்பதற்கு எண்களைத் தந்தது. முன்கைப்பிடியில் கருவிகளைப் பூட்டும் இரண்டு முறைகள் அதில் ஒப்பிடப்பட்டன. கருவியைக் கழற்றி மாட்டியபோது குறி விலகல் எம்-லாக் முறையில் சராசரி 1.3 கோண நிமிடம். கீமாட் முறையில் 4.9. முந்நூறு மீட்டரில் முன்னது சுமார் 11 சென்டிமீட்டர், பின்னது சுமார் 43 சென்டிமீட்டர். லேசர் ஒன்றே, மாறியது பிடிப்பு மட்டுமே. திறனை வைத்து லேசரைத் தரம்பிரிப்பது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1989இல் பனாமாவிலும் 1991இல் வளைகுடாவிலும் இரவு ஒரு தரப்புக்கே சொந்தமாக இருந்தது. இன்று நிலை அப்படியில்லை. இரவுப்பார்வைக் கருவிகள் விலைக்குக் கிடைக்கின்றன, போர்க்களத்தில் கைமாறுகின்றன. அவற்றின் வழியே நோக்குபவருக்கு லேசர்க் கற்றை இலக்கில் தொடங்கித் துப்பாக்கிவரை கோடாகத் தெரியும். 1945இன் விளக்குக்கு இருந்த அதே குறை. ஆகவேதான் சிவப்புப் புள்ளிக் குறிக்கருவியை உயர்ந்த பொருத்தில் ஏற்றி, இரவுக்கண்ணாடி வழியாகவே நோக்கிச் சுடும் ஒளியில்லா முறைக்கு இப்போது பயிற்சி தரப்படுகிறது.

2019இல் கான்சஸின் ஃபோர்ட் ரைலியில் அமெரிக்கத் தரைப்படை முதன்முதலில் வழங்கிய இ.என்.வி.ஜி-பி கண்ணாடி, துப்பாக்கியின் வெப்பக் குறிக்கருவி காணும் காட்சியைக் கம்பியின்றி வாங்கி வீரரின் கண்ணுக்குள்ளேயே காட்டுகிறது. இலக்கின்மேல் இனி புள்ளி விழ வேண்டியதில்லை. ஆயினும் கருவிக்கும் கண்ணாடிக்கும் இடையே ஓடுவது வானொலி அலை. அதுவும் கண்டறியத்தக்க உமிழ்வே.