காரின் முன்கண்ணாடி உள்ளே மங்கலா? எவ்வளவு துடைத்தும் போகாதது ஏன்?

மாலை 6.45 மணி. தீவு விரைவுச்சாலையில் ஜூரோங் பக்கம் போய்க்கொண்டிருக்கிறீர்கள். சூரியன் நேராக முகத்துக்கு எதிரே. திடீரென்று கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஒரு திரை. முன்னால் போகும் மோட்டார்சைக்கிள் ஒரு கணம் கண்ணில் படவே இல்லை.

"அட, போன வாரம்தானே கார் கழுவினேன்!" என்று நினைப்பீர்கள். கழுவியது வெளிப்பக்கத்தை. மங்கல் இருப்பது உள்பக்கத்தில்.

விண்ட்ஸ்கிரீனின் உள்ளே மெல்ல மெல்லப் படியும் இந்தப் படலம் பிடிவாதமானது. டிஷ்யூவால் துடைத்தால் இடம் மாறுமே தவிரப் போகாது. ஆனால் சரியாகச் செய்தால் அரை மணி நேர வேலைதான்.

முதலில், இது எந்த வகை மங்கல்?

மூன்று விதமான மங்கலைப் பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

• வைப்பரைப் போட்டதும் போய்விட்டதா? அது வெளிப்பக்க ஈரம். ஏர்கான் குளிரில் கண்ணாடி சில்லென்று ஆகிவிடும். வெளியே உள்ள ஈரக் காற்று அதில் பட்டுப் பனிபோல் படியும். ஏர்கான் காற்றைக் கண்ணாடியின்மேல் படாமல் திருப்பிவிடுங்கள். குளிரையும் கொஞ்சம் குறையுங்கள்.

• ஏர்கான் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பியதும் போய்விட்டதா? அது உள்பக்க ஈரம். மழைநாளில் நனைந்த குடை, ஈரக் காலணி, நான்கு பேரின் மூச்சுக்காற்று எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை.

• இரண்டுக்கும் அசையவில்லையா? உள்பக்கம் விரலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு தெளிவாகத் தெரிந்து, விரலில் லேசாகப் பிசுபிசுத்தால் அது எண்ணெய்ப் படலம். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் உங்கள் காரின் உள்ளேயிருந்தே வருகிறது. டேஷ்போர்டு, இருக்கை உறை போன்றவற்றில் உள்ள மென்மையான பிளாஸ்டிக் வளைந்துகொடுப்பதற்காகச் சில இரசாயனங்களைச் சேர்ப்பார்கள். வெப்பம் ஏறும்போது அவை கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். கார் ஆறும்போது கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். புதுக் காரின் அந்த "வாசனை"யிலும் இந்த ஆவிகளுக்குப் பங்கு உண்டு. புதுக் கார் சீக்கிரம் மங்குவதும் இதனால்தான்.

வெப்பம் எவ்வளவு ஏறும்? அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸை எட்டியது. அது பாலைவன வெயில் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊரில் ஆண்டு முழுவதும் வெயில். கூரையில்லாத கார் நிறுத்துமிடத்தில் விட்டால் தினமும் இதே கதை.

கார் தயாரிப்புத் துறை இதை நன்றாக அறியும். உள்பாகப் பொருளைச் சூடாக்கி, மேலே குளிர்ந்த கண்ணாடித் தகட்டை வைத்து, அது எவ்வளவு மங்குகிறது என்று அளக்கும் சோதனைக்கு ஐஎஸ்ஓ 6452 என்ற அனைத்துலகத் தரநிலையே இருக்கிறது.

இதோடு சிகரெட் புகை, டேஷ்போர்டைப் பளபளப்பாக்கும் பாலிஷ், கைரேகை, தூசு எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

நிழலில் தெரியாதது எதிர்வெயிலிலும் இரவிலும் ஏன் தெரிகிறது?

படலத்தில் உள்ள நுண்ணிய துளிகள் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும். சூரியன் உச்சியில் இருக்கும்போது அது கண்ணுக்குப் படாது. தாழ்ந்த சூரியனோ எதிரே வரும் காரின் விளக்கோ நேராகப் படும்போது கண்ணாடி முழுவதும் வெளுத்துவிடும். இருட்டில் கறுப்பு உடையில் சாலையைக் கடப்பவர், பின்விளக்கு மங்கிய மோட்டார்சைக்கிள் எல்லாம் அந்த வெளுப்பில் கரைந்துவிடுவார்கள். மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். இரவில் கடற்பாலத்தைத் தாண்டி ஜொகூருக்குப் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எப்படிச் சுத்தம் செய்வது?

தேவையானவை: சுத்தமான மைக்ரோஃபைபர் துணி நான்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அம்மோனியா இல்லாத கண்ணாடித் திரவம்.

1. காரை நிழலில் நிறுத்துங்கள். கண்ணாடி சூடாக இருந்தால் திரவம் துடைக்கும் முன்பே காய்ந்து கோடு விழும். கதவுகளைத் திறந்துவையுங்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். பக்கத்தில் யாரும் புகைக்கக்கூடாது.

2. டேஷ்போர்டின்மேல் ஒரு பழைய துண்டை விரியுங்கள். முதல் துணியால் காய்ந்த தூசைத் துடைத்தெடுங்கள்.

3. இரண்டாவது துணியை நான்காக மடித்து, ஆல்கஹாலைத் துணியில் ஊற்றுங்கள். கண்ணாடியில் நேராகத் தெளிக்க வேண்டாம். வழிந்தால் டேஷ்போர்டிலும் திரையிலும் கறை விழும்.

4. ஒரு சமயத்தில் கண்ணாடியில் கால்பங்கு மட்டும். இடமிருந்து வலமாக நேர்க்கோட்டில் துடையுங்கள். ஒரு பக்கம் அழுக்கானதும் துணியைத் திருப்புங்கள். இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அழுக்கான பக்கத்தாலேயே தேய்த்தால் எண்ணெய் பரவுமே தவிர வெளியேறாது.

5. கீழ்மூலைகளுக்குக் கை எட்டாது. முன்பயணி இருக்கையில் உட்கார்ந்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையைத் திருப்பி, துணியைப் புறங்கையால் அழுத்தித் துடைத்தால் எட்டும்.

6. மூன்றாவது துணியில் கண்ணாடித் திரவம். அதே மாதிரி இன்னொரு சுற்று. நான்காவது துணி காய்ந்ததாக இருக்கட்டும். அதனால் ஈரம் போகத் துடையுங்கள்.

7. வெளிப்பக்கத்தையும் துடையுங்கள். ஆனால் மேலிருந்து கீழாக. பிறகு கோடு தெரிந்தால், படுக்கைக் கோடு உள்ளே, செங்குத்துக் கோடு வெளியே என்று உடனே கண்டுபிடித்துவிடலாம்.

பல மாதப் படலம் என்றால் இரண்டு மூன்று சுற்று வேண்டியிருக்கும். இரவில் எதிர்விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

சோலார் ஃபிலிம் ஒட்டியிருக்கிறதா?

நம் ஊர்க் கார்கள் பலவற்றில் முன்கண்ணாடியின் உள்பக்கம் ஃபிலிம் இருக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காட்டு வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும் என்பது விதி. ஃபிலிம் உள்ள கண்ணாடியில் நீங்கள் துடைப்பது ஃபிலிமைத்தான், கண்ணாடியை அல்ல. அம்மோனியா உள்ள திரவம், சொரசொரப்பான ஸ்பாஞ்ச் இரண்டும் வேண்டாம். ஆல்கஹாலைப் பயன்படுத்தலாமா என்று ஒட்டிய கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத் தண்ணீரில் இரண்டு துளி பேபி ஷாம்பூ கலந்து துடைப்பது பாதுகாப்பான வழி. பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடையுங்கள்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

• பற்பசையால் தேய்ப்பது. அதில் நுண்ணிய தேய்ப்புத்துகள் உண்டு. ஃபிலிமைக் கீறிவிடும்.

• சாஃப்டனர் போட்டுத் துவைத்த துணி. அந்தப் பசையே புதுப் படலமாக ஒட்டும்.

• பின்நோக்குக் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமராவையும் சென்சாரையும் நனைப்பது.

• ஆல்கஹால் போத்தலைக் காரிலேயே விட்டுவிட்டுப் போவது.

துடைத்தும் சில நாளில் திரும்பிவிட்டதா?

காருக்குள் இனிப்பான வாசனை, கண்ணாடியில் பிசுபிசுப்பு, குளிர்விப்பு நீர் அடிக்கடி குறைவது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஹீட்டர் உள்ள கார்களில் அதன் குழாய்ப்பகுதி கசிகிறது என்று சந்தேகப்படலாம். இது துடைத்துச் சரியாகும் விஷயமல்ல. எஞ்சின் சூடேறி நின்றுவிடும் ஆபத்து உண்டு. உடனே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

ஓரங்களில் பால்போன்ற வெண்மை தெரிகிறதா? முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளை நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. அந்த ஒட்டு விட்டுப்போனால் வெளுக்கும். வைப்பர் கீறல்களும் இரவில் மங்கலாகத் தெரியும். நகத்தால் வருடினால் ஆழமான கீறல் தட்டுப்படும். இவை துடைத்துப் போகாது. கண்ணாடிக் கடையில் காட்டுங்கள்.

மறுபடி வராமல் தள்ளிப்போட

முடிந்தவரை நிழலில் நிறுத்துங்கள். இல்லையென்றால் சன்ஷேட் போடுங்கள். வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது, முதல் சில நிமிடம் ஜன்னலைத் திறந்துவைத்துச் சூடான காற்றை வெளியேற்றுங்கள். டேஷ்போர்டுக்கு எண்ணெய்ப் பளபளப்பு தரும் பாலிஷுக்குப் பதில் ஈரத்துணியே போதும். ஏர்கான் ஃபில்டரைக் கார் கையேடு சொல்லும் காலத்தில் மாற்றுங்கள்.

மாதம் ஒருமுறை பெட்ரோல் போடும் நாளில் விரல் சோதனை செய்து பாருங்கள். கோடு விழுந்தால் அந்த வார இறுதியிலேயே துடைத்துவிடுங்கள். படலம் மெல்லியதாக இருக்கும்போது ஒரே சுற்றில் வேலை முடிந்துவிடும்.